மின்சாரத்தோடு பழகும் முறை
(இளைஞர் சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



மின்சாரத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டபோது, அதன் பெருமைகளை அடுக்கிக் கூறுவது எளிதென்றே முதலில் நினைத்தோம். ஆனால் இம் மண்டபத்தில் நின்றுகொண்டு அவ்வாறு பேச எமக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு இங்கே நடந்த விபத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். அது எவ்வாறு நேர்ந்ததென்பதை அறிந்தவர் சிலரே. அதனைச் சொல்லிவிட்டு மேலே செல்லுதலே முறையாகும்.

ஆண்டுவிழாவுக்கு முதல்நாள் மாலை. மேடைக்கு மேலே விளக்குகள் மாட்டுவதற்காக, எம்மூரில் இருபது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்துவரும் அண்ணர் ஒருவர் வந்திருந்தார். அவர் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினார். சற்று நேரங் கழித்து நாம் வாசற்பக்கமாக உள்ளே வந்தோம். திரைக்கு அப்பால் ஏணி நின்றது எம் கண்ணிற் படவில்லை. மின்விசிறிகள் சுழலாதிருப்பதைக் கண்டு, யாரோ மறந்துபோய் நிறுத்திவிட்டார்களென்று எண்ணி, ஆளியைப் போட்டோம். அடுத்த கணம் ஒரு பெருஞ் சத்தம். அண்ணர் நிலத்திற் கிடந்தார். விழுந்தபடியினாலேதான் அவருடைய கை கம்பியை விட்டது. தோளெலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. அந்த ஆளியைப் போட்ட கை எமது கையே.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, உம்மிலை மட்டும் பிழையில்லை. வேலை நடக்குதெண்டு ஒரு மட்டையிலை எழுதித் தூக்கியிருந்தால் நீர் போட்டிருப்பீரே? இருபது வருஷமா நானும் அதைச் செய்யேல்லை" என்றார். அவ் வார்த்தைகளே இப் பேச்சுக்குக் காரணம்.

மின்சாரம் ஆளை எவ்வாறு தாக்குகின்றது என்பதை முதலிற் பார்ப்போம். உடம்பினூடாகச் செல்லும் மின்னோட்டத்தின் அளவு, அது செல்லும் வழி, செல்லும் நேரம் ஆகிய மூன்றுமே உயிரா மரணமா என்பதைத் தீர்மானிக்கின்றன. 1 மில்லி அம்பியர், அதாவது ஓர் அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சென்றால் இலேசான கூச்சமே தோன்றும். அமெரிக்காவிலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாள்ஸ் டால்சியல் என்பார், தாமாக முன்வந்தோரைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். பிடித்த கம்பியைத் தானாகவே விட்டுவிடக்கூடிய எல்லை, சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியர் என்று அவர் கண்டார். அவ்வெல்லையைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் விட இயலாது. நெஞ்சின் வழியாக 50 முதல் 100 மில்லி அம்பியர் வரை ஓரிரு செக்கன் சென்றாலே, இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடலாம். அந் நடுக்கத்தால் இரத்தவோட்டம் நின்றுபோகும்.

எம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். நனைந்த தோலுடன், வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவரின் உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால், அவரினூடாக 230 மில்லி அம்பியர் பாயும். 60 உவாற்று இழைமின்குமிழ் ஒன்று எரிவதற்கு வேண்டிய ஓட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு விளக்கை எரிக்கும் மின்சாரம் ஒரு மனிதனைக் கொல்லவும் போதும் என்பதை நாம் மறத்தலாகாது.

"உருகி இருக்கின்றதே, அது காப்பாற்றாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். காப்பாற்றாது. 5 அம்பியர் உருகி 5000 மில்லி அம்பியர் செல்லும்வரை உருகாது. அது கம்பி சூடேறித் தீப்பற்றாமற் காப்பதற்கு வைக்கப்பட்டது, மனிதனைக் காப்பதற்கன்று. மனிதனுக்குக் காவலாயிருப்பது ட்ரிப் சுவிச். போகும் ஓட்டத்தையும் திரும்பிவரும் ஓட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். வீடுகளில் ஆட்காப்புக்கெனப் பூட்டப்படுவது, வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டினால், ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள், மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆயினும், ஒருவர் இரு கைகளாலும் இரு கம்பிகளையும் பிடித்து, நிலத்தோடு தொடர்பின்றி நின்றால், போகும் ஓட்டம் முழுவதும் திரும்பி வந்துவிடும். அப்போது ட்ரிப் சுவிச்சும் அறியாது. ஆகவே கருவியை மட்டும் நம்புதல் போதாது, பழக்கம் வேண்டும்.

அப் பழக்கங்கள் யாவை? முதலாவது, வேலை தொடங்குமுன் பிரதான ஆளியை நிறுத்துக. இரண்டாவது, நிறுத்தியதோடு அமையாது அதனைப் பூட்டுக. பூட்ட வசதியில்லையேல் உருகியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆளியில் ஓர் அறிவித்தலைத் தொங்கவிடுக. மூன்றாவது, ரெஸ்ரரால் சோதித்துப் பார்க்குக. அதிலும் ஒரு முறையுண்டு. ஆளியை நிறுத்துமுன் மின்சாரமுள்ள இடத்தில் ரெஸ்ரரை வைத்து, அது நன்றாக ஒளிர்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பழுதான ரெஸ்ரர் ஒளிராதிருப்பது மின்சாரமில்லையென்று பொய் சொல்லும். நிறுத்திய பின் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தல் வேண்டும், நிறத்தை நம்பலாகாது. பழைய வீடுகளிற் சிவப்பும் கறுப்பும், புதிய வீடுகளிற் கபிலமும் நீலமும் இருக்கும். முன்பு வேலை செய்தவர் மாற்றிப் பூட்டியிருக்கவுங் கூடும். நான்காவது, மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, உலர்ந்த இடத்தில் பாதணியுடன் நிற்குக. அலுமினிய ஏணியைத் தவிர்க்குக. ஐந்தாவது, தனியே வேலை செய்யற்க.

மின்சாரம் தடைப்படும் வேளையில் ஜெனரேற்றர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மாற்று ஆளியின்றி அதனை வீட்டு வயரிங்கோடு தொடுத்தால், மின்சாரம் பின்னோக்கித் தெருக்கம்பிக்கும் செல்லும். அங்கே கம்பம் ஏறி வேலை செய்பவர், நாம் சென்ற ஆண்டு செய்தது போன்றதொரு செயலுக்குப் பலியாவார்.

இத்தனையும் மீறி ஒருவர் மின்சாரத்திற் பிடிபட்டால் அவரைத் தொடற்க. தொட்டால் இருவர் சாவர். முதலில் ஆளியை நிறுத்துக. வீட்டு மின்சாரமாயின், நிறுத்த வழியில்லாதபோது, உலர்ந்த பலகையின்மேல் நின்று உலர்ந்த தடியால் அவரை விலக்குக. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியாயின் அணுகாது தூர நின்று, மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்குக. விலக்கியபின் மூச்சில்லையெனில் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கேட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்துக. இம் முறையை 1960ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்த மூவரில் ஒருவரான வில்லியம் கூவன்ஹோவன் வைத்தியரல்லர்; மின்பொறியியலாளர். மின்சாரந் தாக்கி இறக்கும் வேலையாட்களைக் காப்பாற்றும் வழியைத் தேடத் தொடங்கியவர் கண்ட முறை, இன்று மாரடைப்பால் வீழ்ந்தோரையும் காக்கின்றது.

நண்பர்களே! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பர். அண்ணருக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்திற் படிக்கும் எமக்கும் ஓமின் விதி மனப்பாடம். அறிவு இருவரிடத்தும் இருந்தது. ஒரு மட்டைத் துண்டு மாத்திரம் இருக்கவில்லை. பெரியோர்களிடம் நாம் கேட்பது, இளைஞர் ஆளியைப் பூட்ட நிற்கும்போது "இதற்கெல்லாம் ஏன் இத்தனை சுணக்கம்?" என்று அவசரப்படுத்தாதிருக்க வேண்டுமென்பதே.

இன்று காலை இம் மண்டபத்துப் பிரதான ஆளிக்கு அருகில் ஓர் ஆணி அடித்து, ஒரு பூட்டையும் ஒரு மட்டையையும் தொங்கவிட்டுள்ளோம். மட்டையில் "ஆள் வேலை செய்கின்றார், தொடாதீர்" என்று எழுதியிருக்கின்றது. எழுதியது எமது கை. சொல்லித் தந்தவர் அண்ணர். இம்முறை விளக்கு மாட்டுபவரும் அவரே. அவர் ஏணியில் ஏறுமுன் அப் பூட்டின் திறப்பை அவர் கையிற் கொடுப்பது எமது பொறுப்பு.