பால் மரமும் ஆஸ்பத்திரிக் குழாயும்

(பந்திங் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பந்திங் வட்டாரத்தில் இன்று எங்கு திரும்பினாலும் செம்பனைதான். ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்தவர்களும், அதைக் கணக்கெழுதிய கிராணிமாரும் இங்கே நிறைய இருக்கிறோம். அந்தப் பாலில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கையுறையாயிற்று, சிறுநீர் இறக்கும் குழாயுமாயிற்று. அந்தக் குழாயைப் பற்றியே பேச வந்தோம்.

மரத்துப் பாலில் ரப்பர் மட்டுமல்ல, புரதமும் உண்டு. சிலருடைய உடம்பு அப்புரதத்தைப் பகையாக எண்ணிவிடும். பிறகு அது பட்டால் தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல். சிலருக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. காய்ந்த ரப்பரில் செய்த டயரால் இத்தொல்லை அரிது. பாலில் தோய்த்தெடுக்கும் மெல்லிய சாமான்களில்தான் அதிகம். அவற்றை வெந்நீரில் நன்றாக அலசினால் புரதம் பெருமளவு போய்விடும். ஆகவே மரத்தின்மேல் பழி போடுவதற்கில்லை!

1991-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. குடலைப் படம் பிடிக்கப் பேரியம் ஏற்றும் குழாயின் நுனியில் ரப்பர் பலூன் இருந்தது; அதனால் சிலர் மாண்டிருந்தனர். பேரியத்தைச் சந்தேகிப்பார்கள், பலூனை யார் நினைப்பார்? அறுவை மேசையிலும் இப்படித்தான். நோயாளி மயக்கத்தில் கிடப்பார், உடம்பைத் துணி மூடியிருக்கும், தடிப்பு ஒருவர் கண்ணிலும் படாது. முதுகெலும்புக் குறையோடு பிறந்து, சிறு வயது முதல் அடிக்கடி குழாய் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த ஒவ்வாமை மிகுதி.

1998 முதல் அமெரிக்காவில் ரப்பர் பால் கலந்த மருத்துவச் சாமானின் உறையில் அதை அச்சிட்டே ஆகவேண்டும். ஆனால் சிலிக்கோன் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மேலே சிலிக்கோன் பூச்சு, உள்ளே நம் பால். அப்படியும் குழாய் உண்டு. முழுவதும் சிலிக்கோன்தானா என்று கேளுங்கள். முழு சிலிக்கோன் போட்டும் உடம்பு தடித்தால், குழாயில் தடவும் வழுவழுப்பு மருந்தில் குளோரெக்சிடின் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவும் சிலருக்கு ஆகாது.

பலூன் ஊதி உதடு வீங்கியதுண்டா? கையுறை போட்டதும் அரித்ததா? வாழைப்பழம் தின்றால் வாய் நமைக்கிறதா? குழாய் போடுமுன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அரிப்பெல்லாம் இதனால்தான் என்பதில்லை, கையுறையில் சேர்க்கும் ரசாயனமும் அரிக்கும்; அதை அவர் சோதித்துக்கொள்வார். கிராணிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: பிறருக்காக ஆஸ்பத்திரிப் பாரம் நிரப்பும்போது, ஒவ்வாமை என்ற இடத்தில் கேட்காமலே கோடு போட்டுவிடாதீர்கள்.