கிடா பால் கொடுக்கிற வரைக்கும்



கவிதை பற்றிப் பேச உட்கார்ந்தாலே நம்மிடையே ஒரு சண்டை வந்துவிடுகிறது. அடிபட்டவன் நேராச் சொல்லட்டும், உருவகமெல்லாம் வயிறு நெறஞ்சவன் வேலைன்னு ஒரு கட்சி. அந்தக் கோபம் நியாயமானது. ஆனா ஏஞ்சல் தீவுச் சுவர்களைப் பார்த்தா அது முழு உண்மையில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கிறது அந்தத் தீவு. 1910 முதல் 1940 வரை அங்கே குடியேற்ற முகாம். சீனத் தொழிலாளி அமெரிக்காவுக்குள் வரக்கூடாதுன்னு 1882இலேயே சட்டம். 1943 வரை அது நீடித்தது. வணிகர், மாணவர், குடிமகனின் பிள்ளை என்று சிலருக்கு மட்டும் வழி. பிள்ளை என்று பொய்க் காகிதம் வாங்கி வந்தவர்கள் நிறைய. அதனால் விசாரணை. உன் வீட்டுக்கு எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? உறவுக்காரனிடமும் அதே கேள்வி. பதில் மாறினால் திருப்பி அனுப்பிடுவான். அதுவரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மரக்கொட்டடியில் கிடக்கணும்.

குவாங்டோங் கிராமத்து ஆட்கள் அந்தக் கொட்டடிச் சுவரில் கவிதை செதுக்கினார்கள். பெரும்பாலும் பெயர் போடவில்லை. இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் வருகிற ஒரு ஆள் சு வூ. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய ஹான் பேரரசின் தூதன். சியோங்னுக்கள் அவனைப் பிடித்து வடக்கே ஆடு மேய்க்க விட்டார்கள். கிடா பால் கொடுத்தால் ஊருக்குப் போகலாம் என்றார்களாம். 19 ஆண்டுகள் கிடந்தான். கிணறு எந்தப் பக்கம்னு கேட்கிறானே, அதுவும் கிடாயிடம் பால் கேட்கிற கதைதான். சீனம் தெரியாத காவலனுக்கு அந்தப் பேர் வெறும் கிறுக்கல். அடுத்து அந்தக் கட்டிலில் படுக்க வருகிறவனுக்கு முழுக் கதையும் வந்துவிடும்.

இன்னொரு பேர் கௌஜியன். தோற்ற அரசன், விறகின்மேல் படுத்து, தினம் பித்தத்தை நக்கி, காத்திருந்து பழி தீர்த்தவன். அதிகாரி முன்னால் வாய் திறக்க முடியாதவன் தன் ஆத்திரத்தை இந்தப் பேருக்குள் போட்டு வைத்தான்.

எனக்கு இதில் உறுத்தல் உண்டு. துணைக்குக் கிடைத்தவர்கள் தூதனும் அரசனும். வயல்காரன் ஒருத்தன்கூட இல்லை. சு வூவைப் பிடித்தவர்களை அரண்மனை 'காட்டுமிராண்டி' என்றது. அதே சொல்லைத்தான் வெள்ளைக்காரன் மீதும் எறிந்தார்கள். கோபம் புரியுது. ஆனா அந்தச் சொல் யார் வீட்டுச் சொல்?

உருவகம் பொருந்தாத இடம் ஒன்றும் இருக்கிறது. சு வூ ஊர் திரும்ப ஏங்கினவன். இவங்க உள்ளே போக ஏங்கினவங்க. அவனை அரசன் அனுப்பினான். இவர்களை அனுப்பியது வீட்டுக் கஷ்டமும் கடனும். கதவைத் தட்டி நின்ற அவமானத்தை நேராச் சொல்ல முடியாமல், விசுவாசமான தூதனின் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நிர்வாகம் எழுத்துக் குழிகளில் மக்கு அடைத்து பெயிண்ட் அடித்தது. இடிக்கவிருந்த அந்தக் கொட்டடிக்குள் 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் இவற்றைப் பார்த்த பிறகுதான் வெளியே பேச்சு எழுந்தது. பெண்களை அடைத்திருந்த கட்டடம் 1940 தீயிலேயே எரிந்துபோச்சு. அவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட நம் கையில் இல்லை. அவங்க யார் பேரைத் துணைக்கு எடுத்தாங்களோ.