கடல் கடந்து கற்றோரும் வேலை கொள்வோரும்

வெளிநாட்டுக் கல்வி என்றதும் இலண்டனையும் மெல்போணையும் நினைப்பது வழக்கம். வன்னிப் பெருநிலப்பரப்பின் பல வீடுகளிலோ அச்சொல் தமிழ்நாட்டையே குறிக்கும். 1983ஆம் ஆண்டிற்குப் பின் படகேறி மண்டபம் முகாமை அடைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே பயின்றனர். சிலர் கல்லூரியும் முடித்தனர். 2009இல் போர் ஓய்ந்தபின் அவர்களுள் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பினர். கையிலே பட்டம் உண்டு. ஆயினும் நேர்முகப் பரீட்சையில் அதனை எடுத்துரைக்க வகையறியாது தடுமாறுவோர் உளர்.

முதற்றடுமாற்றம் எண்களால் வருவது. தமிழ்நாட்டில் 2018 வரை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை 1200 புள்ளிகளுக்கு நடந்தது. ஒருவர் 1050 பெற்றதாகக் கூறினால், உயர்தரத்தில் மூன்று பாடங்களின் ஏ, பி, சி, எஸ் சித்திகளையே கண்டு பழகிய முகாமையாளருக்கு அதன் பெறுமதி விளங்காது. பட்டத்திலும் இதே சிக்கலுண்டு. அங்கே பல கல்லூரிகளில் சராசரிப் புள்ளி பத்துக்குக் கணிக்கப்படும், இங்கே நான்குக்கு. வெறுமனே ‘8.1’ என்று எழுதினால் வாசிப்பவர் அச்சுப்பிழையென எண்ணவுங் கூடும். ‘10க்கு 8.1’ என எழுதி, பெற்ற வகுப்பையும் குறிப்பதே முறை. தாமே கணக்குப் போட்டு நான்குக்கு மாற்றுவது ஆபத்தானது. சான்றிதழில் இல்லாத எண் விண்ணப்பத்தில் இருத்தலாகாது. பட்டத்தின் அங்கீகாரம் பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்னரே கேட்டறிந்து கொள்ளுதலும் நன்று.

இதனினுங் கடினமானது ‘முகாம்’ என்ற சொல். அதனை மறைக்கவே பலர் விரும்புவர். முகவரியை மறைக்கலாம்; ஆண்டுகளை மறைக்க இயலாது. ‘குடும்பம் அகதியாகச் சென்றது, முகாமிலிருந்து கல்லூரிக்குச் சென்றேன், இன்ன ஆண்டு திரும்பினேன்’ என்று மூன்று சிறு வசனங்களிற் சொல்லிவிடலாம். அனுதாபம் வேண்டி அதனை நீட்டுவதும் தகாது. அடுத்து, இறுதியாண்டுச் செயற்றிட்டம் யாது, அதில் தம் பங்கு யாது, அவ்வறிவு இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலுக்கோ இங்குள்ள ஆடைத் தொழிற்சாலைக்கோ எவ்வாறு உதவும் என்பதற்கு வந்துவிட வேண்டும். மீண்டும் போய்விடுவாரோ என்னும் ஐயம் வேலை கொள்வோர் மனத்தில் இருக்கும். அவர் வாய்விட்டுக் கேளாவிடினும் அதற்கு விடை கூறுவது நல்லது. சிங்களம் தெரியாவிடின் தெரியாதென்றே சொல்லலாம், கற்கத் தொடங்கியிருந்தால் அதனையுஞ் சேர்த்து.

பட்டமின்றி, வர்ணம் பூசவும் மின்னிணைப்புச் செய்யவும் பழகித் திரும்பியோரும் உளர். அவர்களுக்காக முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை உண்டு. கைத்திறனைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்குவர். செய்த வேலையின் படங்களும் முதலாளியின் கடிதமும் அங்கே கைகொடுக்கும்.

2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலோ, அறிவியல் நகரிலோ, கிராமத்துப் பாடசாலையிலோ இத்தகையோருக்கு உதவ முன்வருவோர் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. மேசைக்கு எதிரே அமர்ந்து, கடுமையான வினாக்களையே கேட்டு, விடைகளை உரக்கச் சொல்லச் செய்ய வேண்டும். ‘ப்ளஸ் டூ’ என்று வாய் வருமிடத்தில் ‘இங்குள்ள உயர்தரத்தைப் போன்றது’ என்ற விளக்கமும் கூடவே வரும்வரை அப்பயிற்சி தொடரட்டும்.