என் ஹெரால்டு காருக்கு நானே செய்த சுவிட்சுகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் குடிநீர், குப்பை வண்டி, தெருவிளக்கு என்றுதான் பேசுவோம். இந்த முறை ஓர் உறுப்பினர் தன் பொழுதுபோக்கைப் பற்றி கால் மணி நேரம் பேசட்டும் என்று செயலாளர் என்னை மாட்டிவிட்டார். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக. எனக்கு கரன்ட் அக்கவுன்ட் தெரியும், கரன்ட் தெரியாது. அப்படிப்பட்டவன் காரின் சுவிட்சுகளை மாற்றப் போய் என்ன பாடுபட்டேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் வாசலில் தார்பாய் போட்டு நிற்கும் நீலக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1970-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம ஊர் வண்டி. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. மூலம் இங்கிலாந்து, அங்கே 1959-ல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து மிக்கெலோட்டி. நாலு கதவு ஹெரால்டு மட்டும் இந்தியாவில்தான் செய்தார்கள். என்னுடையது அந்த நாலு கதவு வண்டி. 1991-ல் வங்கியில் வாகனக் கடன் போட்டு, மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் வாங்கினேன்.

2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் தெருவில் வண்டி சீட்டு வரை முழுகியது. இன்ஜினைப் பிரித்து ஓடவைத்துவிட்டோம். ஒயரிங் மட்டும் அதன்பிறகு சரியாகவே இல்லை. ஒருநாள் ராத்திரி ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்து, டாஷ்போர்டிலிருந்து கருகல் வாசனை. இறங்கிப் பார்த்தால் லைட் சுவிட்ச் உருகியிருந்தது.

ஏன் உருகியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் இரண்டும் ஹை பீமில் சேர்ந்து 120 வாட். 12 வோல்ட் வண்டியில் அது 10 ஆம்பியர். அவ்வளவும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போயிற்று. உள்ளே பாசி பிடித்து, 0.1 ஓம் தடை சேர்ந்தாலே போதும், ஒரு வோல்ட் அங்கே காணாமல் போகும். விளக்கின் வெளிச்சத்தில் கால் பங்கு குறையும். அந்த ஒரு வோல்ட் 10 வாட் சூடாக மாறி, பாக்கு அளவு சுவிட்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும். உருகாமல் என்ன செய்யும்?

புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தேன். அதே சுவிட்ச் கிடைக்கவில்லை. 2020-ல் ஓய்வு பெற்றேன், பின்னாலேயே ஊரடங்கு. எங்கள் அக்கா பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். "தாத்தா, ஒரு ஆர்டுயினோ போட்டு நாமே செஞ்சிடலாம்" என்றான்.

ஆர்டுயினோ என்பது விரல் நீளத்தில் ஒரு சின்ன போர்டு. அதற்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நாம் எழுதித் தரும் உத்தரவுகளை வரிசையாக நிறைவேற்றும் குட்டிக் கம்ப்யூட்டர். இதுவும் இத்தாலிதான். 2005-ல் ஐவ்ரியா என்ற ஊரில் பிறந்தது. காரை வரைந்த டூரினிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஜாதகப் பொருத்தம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிச்சி தெருவுக்கு நாலைந்து நடை. போர்டின் ஒரு பின் 20 மில்லி ஆம்பியர்தான் நிம்மதியாகக் கொடுக்கும்; கார் ரிலேவின் காயிலுக்கு 150 மில்லி ஆம்பியர் வேண்டும். அதனால் நடுவில் யூ.எல்.என். 2003 என்ற ஐ.சி. அது ரிலேவை இழுக்கும், ரிலே விளக்கை எரிக்கும். விளக்கின் 10 ஆம்பியர் இனி டாஷ்போர்டு பக்கமே வராது. தேக்குப் பலகையில் ஆறு பட்டன். ஒருமுறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்ன எல்.இ.டி. பட்டனை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே தகடு சில மில்லி செகண்டுக்கு நாலைந்து தடவை துள்ளும். போர்டு அதை நாலைந்து அழுத்தல் என்று எண்ணிவிடும். ஆகவே 30 மில்லி செகண்ட் பொறுத்து, இன்னொரு முறை பார்த்த பிறகே நம்பு என்று எழுதினோம். நோட்டை இரண்டு தடவை எண்ணுவது மாதிரி. இதெல்லாம் எனக்குச் சுலபமாகவே வந்தது. தலைக்கனமும் கூடவே வந்தது.

ஒரு ராத்திரி தி.நகரிலிருந்து நானும் என் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். துரைசாமி சப்வேயில் இறங்கினோம். அன்று கரன்ட் இல்லை. முன்னால் ஓர் ஆட்டோ. ஹார்ன் அடித்தேன். ஹெட்லைட், பார்க்கிங் லைட், பின் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. கும்மிருட்டு. "என்னங்க, லைட்டு!" என்று அவள் கத்தினாள். நான் பிரேக்கில் ஏறி நின்றேன். பின்னால் வந்த பைக் கீறிச்சிட்டுக்கொண்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அதில் ஒரு தகப்பனாரும், முன்னால் ஒரு சின்னக் குழந்தையும். அவர் என்னைத் திட்டியதை இங்கே சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் தகுதியானவன்.

அவர் நின்றதற்குக் காரணம் என் பிரேக் லைட் எரிந்தது. பெடலிலிருந்து நேராகப் போகும் அந்த ஒரு ஒயரை மட்டும், காருக்கு அடியில் படுக்கச் சோம்பல்பட்டு, நான் தொடாமல் விட்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் விளக்கை அணைத்தது, சோம்பேறித்தனம் உயிரைக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்." 32 வருடம் எனக்குப் பக்கத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தவள். ஆறு மாதம் ஏறவில்லை.

காரணத்தைத் தேடினோம். ஹார்னுக்குள் காயிலுக்குக் கரன்ட் தரும் தொடுமுனை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தொட்டு விலகும். ஒவ்வொரு விலகலிலும் ஒயரில் ஒரு மின் அதிர்ச்சி. வெள்ளத்தில் துருப்பிடித்த எர்த் ஒயரை ஹார்னும் போர்டும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அதிர்ச்சி போர்டுக்குள் ஏறி, அது ரீசெட் ஆகிவிட்டது. அது மறுபடி எழுந்திருக்க ஒன்றிரண்டு விநாடிதான். ஆனால் எழுந்ததும் முதலில் செய்யவேண்டியது என்ன என்று நான் எழுதியிருந்தேன்? 'எல்லாவற்றையும் அணை.'

வங்கியில் இருந்தவர்களுக்குப் புரியும். நேற்றைய குளோசிங் பேலன்ஸை எடுத்து எழுதாமல், இன்று காலை எல்லாக் கணக்கையும் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதைத்தான் செய்திருந்தேன். வேலையில் இருந்தவரை ஒருநாளும் செய்யாத தப்பு.

அப்போதுதான் பழைய சுவிட்சின் அருமை புரிந்தது. அதை இழுத்துவிட்டால் இழுத்த இடத்திலேயே நிற்கும். அந்த நிலைதான் அதன் லெட்ஜர். பேட்டரியைக் கழற்றி மறுநாள் மாட்டினாலும் 'விளக்கு எரியவேண்டும்' என்று ஞாபகம் வைத்திருக்கும். என் பட்டனுக்கு அந்த ஞாபகம் கிடையாது. சுவிட்ச் என்றால் கரன்ட்டைச் சேர்ப்பது, பிரிப்பது என்று மட்டும் நினைத்தேன். அது சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது.

அதன்பிறகு ஒரு நோட்டு எடுத்து, பழைய சாமான் ஒவ்வொன்றும் என்னென்ன வேலை செய்தது என்று எழுதினேன். இன்னொரு ஆச்சரியம் கிடைத்தது. இண்டிகேட்டருக்குப் பழைய ஃபிளாஷர் ஒரு தகடு சூடாகி வளைந்து வேலை செய்வது. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் அதில் ஓடும் கரன்ட் குறையும்; டிக்-டிக் தாளம் மாறும் அல்லது நின்றுவிடும். ஓட்டுபவருக்கு உடனே தெரியும். விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்க வேண்டும். என் போர்டு 85 தடவை அச்சடித்த மாதிரி மினுக்கியது. பல்பு செத்திருந்தாலும் அதே 85. எச்சரிக்கையை நான் துடைத்தெறிந்திருந்தேன்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் பிரித்துச் செய்தோம். ஹெட்லைட், பின் விளக்கு, பிரேக் லைட், ஹார்ன் நான்கும் போர்டைக் கேட்காது. சுவிட்சிலிருந்து நேராக ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். விளக்குக்கு, போட்ட இடத்தில் நிற்கும் சுவிட்ச். போர்டு அதை வேடிக்கை மட்டும் பார்க்கும். விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்தால் பஸ்ஸர் அடிக்கும். தூறலில் நிறுத்தி நிறுத்தி ஓடும் வைப்பர், இண்டிகேட்டர், உள் விளக்கு, இவை போர்டின் பொறுப்பு. இண்டிகேட்டர் கரன்ட்டை அளந்து, ஒரு பல்பு போனால் இரட்டை வேகத்தில் மினுக்கும். போர்டுக்குத் தனி எர்த், தனி ஃபியூஸ், அதிர்ச்சியை விழுங்க ஒரு டையோடு. மொத்தச் செலவு 4,000 ரூபாய்க்குள்.

பிறகு சோதனை. ராத்திரி பத்து மணிக்கு எல்லா விளக்கையும் போட்டு, ஹார்னை அமுக்கிக்கொண்டு, பேரனை விட்டு ஓடுகிற போர்டின் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். இண்டிகேட்டர் நின்றது. ஹெட்லைட் அசையவில்லை. அன்று ஹார்ன் சத்தத்துக்காகப் புகார் சொன்ன எதிர்வீட்டு மாமாவிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் உருகிய சுவிட்ச் உட்பட எல்லாம் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. எந்த ஒயரையும் வெட்டாமல் மாட்டியிருப்பதால், நாளைக்கே பழையபடி ஆக்கலாம். இரண்டாவது, புதிதாக எதைச் செய்தாலும், அது ஓடும்போது என்ன செய்யும் என்று மட்டும் பார்க்காதீர்கள். அது நின்றுபோனால் வண்டி என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள்.

போன தை மாதம் என் மனைவி தானாகவே முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "சப்வே வழியாவே போங்க" என்றாள். போனோம். உள்ளே இறங்கியதும் ஹார்ன் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். விளக்கு எரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்பாயை எடுத்து வைத்திருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அவர்களே பட்டனை அழுத்திப் பார்க்கட்டும். ஹார்ன் மட்டும் வேண்டாம்.