முதுகுப்புறத்துப் புயல்

புயல் எத்திசையிலிருந்து வரும் என்று வகுப்பிற் கேட்டால், எங்கள் பாப்பாமோட்டைப் பிள்ளைகள் மேற்கே தெரியும் கடலைக் காட்டுவர். உண்மை வேறு. 1964 டிசம்பர்ப் புயலும், 2020இல் வந்த புரெவியும் கிழக்குக் கரையிற் புகுந்து, வன்னி நிலத்தைக் கடந்தே மன்னார்ப் பக்கம் வந்தன. எனவே அடிவானத்தை மட்டும் நம்பி வள்ளம் தள்ளுவோர் ஏமாறுவர். வானொலி அறிவிப்பையும் கேட்டாக வேண்டும்.

இங்குள்ள கடல் ஆழமற்றது. அலைகள் நெருங்கிச் செங்குத்தாய் எழும். வாடைக்காற்று ஓங்கினால் நீர் கரையேறும். வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவதும், இயந்திரத்தையும் வலையையும் வீடு சேர்ப்பதும் முதல் நாளே முடிதல் நன்று.

புயலின் மையம் கடக்கையில் காற்றுச் சட்டென அடங்கும். சற்றுப் பொறுத்து எதிர்த்திசையிலிருந்து மோதும். அந்த அமைதியை நம்பிக் கரைக்கு ஓடாதீர்கள், கடன் தீராத வள்ளமே அங்கு கிடந்தாலும்.