வீட்டு வரி ரசீதில் ஒரு வரி



'ஊரை உயர்த்துவது நூலகமா, கிராம சபையா?' இதுதான் தலைப்பு. நான் கிராம சபை பக்கம். உடனே எதிரணித் தலைவர் சிரிக்கிறார். "கிராம சபையிலே என்னங்க நடக்குது? டீ, பிஸ்கட், கையெழுத்து, ஆளை விடு!" என்றார். (சிரிப்பு) நூலகத்திலே வாசகர் வட்டம் கூடுது, நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடக்குதுன்னு அடுக்கினார். வாஸ்தவம்தான். அந்த விழாவிலே முதல் வரிசையிலே உட்கார்ந்து கைதட்டுகிறவன் நான்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த நூலகத்துக்குக் காசு எங்கேயிருந்து வருது?

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டினால், நூறு ரூபாய் நூலகத்துக்கு! ஊராட்சி அதை வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். அதிலேதான் புத்தகம் வாங்குறாங்க.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1930லேயே நூலகச் சட்டத்துக்கு ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார். எழுதினதோட சட்டம் வந்துடுச்சா? இல்லையே! 18 வருஷம் கழித்து, 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாண சட்டசபை கூடித்தான் அது சட்டமாச்சு. நூலகத்தின் தந்தைக்கே ஒரு சபை தேவைப்பட்டது ஐயா! (கைதட்டல்)

எங்க ஊர் நூலகத்திலே மூணு மழைக்காலம் கூரை ஒழுகியது. பத்திரிகை மேசைக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட். பிள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டுப் படிச்சுது. வாசகர் வட்டத்திலே பேசினோம், மனு எழுதினோம். பதில் இல்லை.

ஒரு அக்டோபர் 2ஆம் தேதி. கிராம சபை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எழுந்தார். கையிலே வரி ரசீது. சத்தமே போடலை. "இந்த வருஷம் ஊரிலே நூலக வரி எவ்வளவு வசூலாச்சு? அதிலே எவ்வளவு கட்டினீங்க?" அவ்வளவுதான். மேடையிலே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. பிஸ்கட் சாப்பிட்ட வாய் எல்லாம் நின்னு போச்சு. (சிரிப்பு) கணக்குப் புத்தகம் வந்தது. பார்த்தால், பாக்கி! பாக்கியைக் கட்டணும், கூரையைச் சரி செய்யணும்னு தீர்மானப் புத்தகத்திலே எழுத வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா உட்கார்ந்தார். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகலே.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தினது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் சொந்தக்காரனும் வர முடியாது! கல்லிலே வெட்டி வெச்சிருக்கான்யா நம்ம பாட்டன்! படிச்சவங்க ஊரிலே எத்தனை பேர் இருந்தாலும், கணக்குக் கேட்க ஒரு சபை வேணும்.

"அந்த டீச்சருக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நூலகம்தானே?" என்பார் எதிரணித் தலைவர். சரி, கேள்வியை நூலகம் கொடுக்கட்டும். பதிலை எங்கே போய் வாங்குவீங்க? அலமாரிகிட்டேயா? (கைதட்டல்)

2022லிருந்து கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துக்காரங்களுக்கும் அதே வருஷம் பகுதி சபை வந்தாச்சு. சீரியலுக்கு வருஷம் 365 நாள் கொடுக்கிறோம். ஊருக்கு ஆறு நாள் கொடுக்கக் கூடாதா?

நூலகத்தைக் காப்பாற்றுவதே சபைதான். ஆகவே ஊரை உயர்த்துவது கிராம சபையே.