பார ஊர்திகளுக்கான பாதுகாப்புச் சாதனங்கள்



2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலையில், கொத்மலைப் பகுதியிலுள்ள கெரண்டி எல்ல என்னுமிடத்தில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். இத்தகைய துயரங்கள் நேரும்போதெல்லாம் சாரதியைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவர் கையில் எத்தகைய ஊர்தியை ஒப்படைத்திருந்தோம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. லொறியோ பஸ்ஸோ பவுசரோ வைத்திருக்கும் ஒருவர், தம் பொருள்வசதிக்கேற்ப எந்தப் பாதுகாப்புச் சாதனங்களை, எந்த வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலாவது, ஊர்தியை நிறுத்தும் சாதனம். 10 தொன் நிறையுள்ள லொறி ஒன்று மலைவீதியில் 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறத்தாழ நூறு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க அது போதும். பிறேக்கை மாத்திரம் நம்பி இறங்கும் சாரதி, இவ்வெப்பத்தின் பெரும்பகுதியைச் சில்லுகளுக்குள் இருக்கும் உருளைகளில் சேர்க்கிறார். உருளை சூடேறி விரிகிறது. உராய்வுப் பட்டையின் பிடி தளர்கிறது. எண்ணெயால் இயங்கும் பிறேக்காயின், ஈரம் ஏறிய பழைய எண்ணெய் கொதித்துக் குமிழியிடும். அப்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஊர்தி நிற்பதில்லை.

ஆகவே, மலைநாட்டு வீதிகளில் ஓடும் ஊர்தியை வாங்குவோர், புகைபோக்கிப் பிறேக்கு அதில் இருக்கிறதா, இருப்பது இயங்குகிறதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். புகை செல்லும் குழாயை ஒரு தட்டினால் அடைத்து, எஞ்சினையே வேகத்துக்குத் தடையாக்குவது இதன் தொழில். கியர் விழுந்திருந்தால்தான் இது பயன்தரும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி, கியரை விடுத்து ஊர்தியை உருளவிடுபவர், மிச்சப்பட்ட சில லீற்றர் டீசலுக்காக இந்தக் காவலைக் கைவிடுகிறார். காற்றுப் பிறேக்கு உள்ள ஊர்திகளில், காற்றுத் தாங்கியில் தேங்கும் நீரை ஒழுங்காக வெளியேற்றுவதும், காற்றழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பழுதின்றி வைத்திருப்பதும் அவசியம். டயர்களையும் இவ்வரிசையிலேயே சேர்க்க வேண்டும். தேய்ந்த டயரின் மீது மிகச் சிறந்த பிறேக்கைப் பொருத்தினாலும், ஈரவீதியில் அதனாற் பயனில்லை.

இரண்டாவது, பிறர் கண்ணுக்கு ஊர்தியைக் காட்டும் சாதனம். ஏ-9 வீதியில் நள்ளிரவில் பழுதடைந்து, விளக்கின்றி நிற்கும் லொறியை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகிறார். அவர் கண்டு, உணர்ந்து, பிறேக்கை மிதிக்குமுன் இடைவெளி முடிந்துவிடலாம். ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் பட்டிகளைப் பக்கங்களில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்திலும், பின்புறத்தில் சிவப்பு நிறத்திலும் ஒட்டிவைத்தால், ஊர்தியின் நீளமும் உயரமும் தொலைவிலேயே புலப்படும். இவற்றுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சேறு படியாமல் துடைத்துவந்தாற் போதும். சிவப்பு முக்கோணத்தை ஊர்திக்குப் பின்னால் 50 மீற்றருக்குக் குறையாத தொலைவில் வைத்தல் நன்று. வளைவுக்கு அப்பால் ஊர்தி நின்றால், முக்கோணம் வளைவுக்கு முன்னரே நிற்க வேண்டும். மரக்கிளையை ஒடித்து வீதியில் வைப்பது இரவில் ஒருவருக்கும் தெரியாது. சில்லுக்கு முட்டாகக் கல்லை வைத்து, புறப்படும்போது அதனை வீதியிலேயே விட்டுச்செல்வது மற்றொருவருக்குக் குழிவெட்டுவதாகும். அதற்கென்று செய்த முட்டுக்கட்டைகள் இரண்டு எப்போதும் ஊர்தியில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பாரத்தையும் ஆளையும் பிடித்துவைக்கும் சாதனங்கள். சடுதியாகப் பிறேக்குப் போடும்போது, ஏற்றிய பொருள் தன் நிறையின் பத்தில் எட்டுப் பங்கு விசையுடன் முன்னே தள்ளக்கூடும் என்ற கணக்கிலேயே ஐரோப்பிய நாடுகளில் கட்டுப்பட்டிகளைத் தெரிவு செய்கின்றனர். ஒரு தொன் இரும்புக் கம்பி ஏற்றினால், 800 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையைத் தாங்கும் கட்டு வேண்டும். மழையில் நனைந்து இற்றுப்போன தும்புக் கயிறு அதற்கு உதவாது. தாங்கும் அளவு எழுதப்பட்ட பட்டிகளையே வாங்குக.

தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிணைக்கும் ஆசனப்பட்டியை 1959இல் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்தார். பெரிய ஊர்தியில் இருப்பவருக்கு இது தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் ஊர்தி கவிழும்போது வெளியே எறியப்படுபவருக்கு, அதன் பருமன் எவ்வகையிலும் துணையாவதில்லை. சாரதிக்கு மாத்திரமன்றிப் பக்கத்திலிருக்கும் கிளீனருக்கும் இப்பட்டி வேண்டும்.

நான்காவது, வீதியிற் செல்லும் சிறியோரைக் காப்பது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே திறந்து கிடக்கும் வெளியில், சைக்கிளில் வருபவர் சறுக்கி வீழ்ந்தால் பின்சில்லின் கீழ் அகப்படுவார். பக்கத் தடுப்புச் சட்டம் அதனைத் தவிர்க்கும். பின்புறக் கீழ்த்தடுப்பு, மோதிவரும் கார் லொறியின் அடியில் நுழையாதபடி தடுக்கும். 1967இல் அமெரிக்க நடிகை ஜேன் மான்ஸ்பீல்ட் இவ்வாறான மோதலில் இறந்தார். அந்நாட்டில் இத்தடுப்பை இன்றும் அவர் பெயராலேயே அழைப்பதுண்டு. வண்ணம் பூசிய மெல்லிய தகடு இதற்குப் போதாது. சட்டத்துடன் உறுதியாகப் பிணைத்த இரும்பு வேண்டும்.

ஐந்தாவது, தீயணைப்புக் கருவி. எரிபொருளிற் பற்றிய தீயின்மீது நீரூற்றினால் அது மேலும் பரவும். உலர்தூள் நிரம்பிய கருவியே ஊர்திக்கு ஏற்றது. அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஆசனத்தின் அடியில் சாக்குகளுக்குள் புதைத்து வைத்த கருவி, தீப்பிடித்த வேளையிற் கைக்கு எட்டாது.

இவ்வளவையும் ஒரே நாளில் வாங்க எல்லோராலும் இயலாது என்பதை நான் அறிவேன். ஒரே லொறியை வைத்து, கடனும் கட்டி, குடும்பமும் நடத்துவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் பிறேக்கும் டயரும், அடுத்து ஒளிப்பட்டி, முக்கோணம், முட்டுக்கட்டை, பின்னர் ஆசனப்பட்டியும் கட்டுப்பட்டியும் தீயணைப்புக் கருவியும், அதன்பின் தடுப்புச் சட்டங்கள். இரண்டாம் வரிசையிலுள்ளவை யாவும் சிறுசெலவில் முடிபவை. பலகுரலில் ஒலிக்கும் கோர்னுக்கும் வண்ணவண்ண விளக்குகளுக்கும் செலவிடும் பணம் இவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

உரிமையாளர்களிடம் இன்னுமொரு வேண்டுகோள். எந்தச் சாதனத்தையும் வாங்குமுன் சாரதியைக் கேளுங்கள். இறக்கத்தில் மிதி எவ்வளவு ஆழம் போகிறது, எந்தக் கண்ணாடியில் எந்தப் பக்கம் மறைகிறது என்பவற்றை நாள்தோறும் அறிபவர் அவரே. "பிறேக்குச் சரியில்லை, இன்று போகமாட்டேன்" என்று அவர் சொன்னால், அவருடைய அன்றைய சம்பளத்தை வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால், மறுமுறை அவர் வாய்திறவாமல் ஊர்தியை எடுத்துச் செல்வார். அவருக்குப் பின்னால் ஐம்பது பயணிகள் அமர்ந்திருக்கக்கூடும்.